செக்கடியில் ஒரு லிட்டர் கணக்கு

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலையில் பஸ்ஸின் வேகம் குறைந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். சாலையை ஒட்டிக் களங்கள். களம் முழுக்க உடைத்துக் கவிழ்த்த தேங்காய் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கொப்பரையின் இனிப்பு வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். நான் இறங்கியது கொப்பரைக்காக அல்ல, ரோட்டோரத்து மரச்செக்கு ஒன்றின் விலைப் பலகைக்காக. கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: கடலை எண்ணெய் கிலோ 330, லிட்டர் 300.

ஒரே எண்ணெய், ஒரே பீப்பாய், இரண்டு விலை. பல கடைகளில் ஏதோ ஒரு விலைதான் இருக்கும்; அது கிலோவுக்கா லிட்டருக்கா என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இங்கே இரண்டையும் எழுதிப் போட்டிருந்தார்கள். கல்லாவில் இருந்த அக்காவிடம் ஏன் இப்படி என்று கேட்டேன்.

“தெனமும் இதையேதான் கேக்கறாங்க கண்ணு. லிட்டரு வெலை கம்மியா இருக்குதே, லிட்டராவே குடுங்கம்பாங்க. வெலை கம்மியில்லீங்க, எண்ணெயே கம்மிங்கன்னு சொன்னா என் மூஞ்சியவே பாக்கறாங்க.”

அந்த அக்கா சொன்னதுதான் முழு விஷயமும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஒரு கிலோ இருக்காது. 910 கிராம்தான் இருக்கும். சில எண்ணெய் இதைவிடச் சற்றுக் கூடுதல், சில சற்றுக் குறைவு. கடலை எண்ணெயைவிட நல்லெண்ணெய் லிட்டருக்கு நாலைந்து கிராம் கூடுதல் நிற்கும். தேங்காய் எண்ணெய் நல்லெண்ணெயையும் கொஞ்சம் மிஞ்சும். பாமாயில் பின்தங்கும். விளக்கெண்ணெய் மட்டும் தனி ஜாதி, லிட்டர் 955 கிராமைத் தொடும். சமையலறையில் துவரம்பருப்பில் விட்டுப் பிசறுவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதால் அதை இங்கேயே விட்டுவிடலாம். 330-ஐ 0.91-ஆல் பெருக்கினால் 300 ரூபாய் 30 காசு. காசைத் தள்ளிவிட்டுப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். நாணயமான பலகை.

உள்ளே போனேன். செக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாடு இல்லை, மோட்டார்தான். ஆனால் உரலும் உலக்கையும் வாகை மரம். உலக்கை மெதுவாகச் சுற்ற, உரலுக்குள் கடலைப்பருப்பு முதலில் நொறுங்கி, பிறகு மாவாகி, பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு தெரிந்ததும் செக்கோட்டுகிற பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்து ஒரு கை தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் அடித்துவாரம் வழியாக எண்ணெய் நூலாக இறங்கியது. கலங்கலாக, மஞ்சளாக, வறுக்காத கடலையின் பச்சை வாசத்தோடு. பாத்திரத்தில் விரலை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த சமையலறை வெப்பமானியைப் போட்டுப் பார்த்தால் 42 டிகிரி.

இந்த 42 ஒரு முக்கியமான எண். பிறகு வருகிறேன்.

ஓரத்தில் ஒரு விவசாயி பிளாஸ்டிக் கேனோடு காத்திருந்தார். சொந்தக் காட்டுக் கடலை. உடைத்துப் பருப்பாக்கிக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிக்கொண்டு போகிறவர். “ரெண்டரைக் கிலோ பருப்புக்கு ஒண்ணுங்க, அதுதான் எங்க ஊர்க் கணக்கு” என்றார். ஒன்று என்றால் ஒரு கிலோவா, ஒரு லிட்டரா? அவர் கொஞ்சம் யோசித்து, “கேன்ல ஊத்தறப்ப லிட்டரு, காசு பேசறப்ப கிலோ” என்றார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் காசு இதில்தான் போகிறது. இரண்டரைக் கிலோவுக்கு ஒரு கிலோ எண்ணெய் என்றால் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய் இறங்கியிருக்கிறது. அதே இரண்டரைக் கிலோவுக்கு ஒரு லிட்டர் என்றால் முப்பத்தாறரைதான் இறங்கியிருக்கிறது. மீதி மூன்றரைப் பங்கு எங்கே? புண்ணாக்கில் இருக்கலாம், செக்கடியில் இருக்கலாம், அல்லது எங்கும் போகாமல் வெறும் பேச்சுக் கணக்கில் காணாமல் போயிருக்கலாம். 25 கிலோ பருப்பு ஆட்டுகிறவருக்கு இது முக்கால் கிலோவுக்கும் மேலே போகிற சமாச்சாரம். நல்ல பருப்பு நாற்பதுக்கு மேலேயே கொடுக்கும் என்றார் செக்கோட்டுகிற பெரியவர். கிலோவில் பேசினால் யாருக்கும் சண்டை வராது என்பது அவர் கட்சி.

அந்த அக்காவிடம் கேட்டு ஒரு லிட்டர் அளவையும் தராசையும் வாங்கிக்கொண்டேன். அளவை என்பது கைப்பிடி வைத்த உருளை. விளிம்புக்குக் கீழே ஈயப்பொட்டில் முத்திரை குத்தியிருந்தது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. இந்தக் கொள்ளளவைகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். அவர்கள் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும். நம் வேலைக்கு அது போதும்.

முதலில், செக்கிலிருந்து இறங்கிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, லிட்டரில் விளிம்புவரை ஊற்றினோம். மேலே நுரை. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து, இறங்கிய அளவுக்கு மறுபடி ஊற்றி, வெற்று அளவையின் எடையைக் கழித்துப் பார்த்தால் 900 கிராம். அடுத்து, நாள்கணக்கில் தெளியவைத்து மேலாக மொண்ட பழைய எண்ணெய். அது கடையின் நிழலில் 29 டிகிரியில் இருந்தது. அதே லிட்டர், அதே தராசு. 910 காட்டியது.

ஒரே செக்கின் எண்ணெய். ஒரே அளவை. பத்து கிராம் வித்தியாசம். தராசின் ஐந்து கிராம் தாராளத்தைக் கழித்துப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது. காரணம் அந்த 42 டிகிரிதான். சூடேறினால் எண்ணெய் விரிகிறது, ஒவ்வொரு டிகிரிக்கும் லிட்டருக்கு முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்குகிறது. சூடாக அளந்த லிட்டரில் எண்ணெய் குறைவு, ஆறவைத்து அளந்த லிட்டரில் அதிகம். கிலோவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அடுப்பில் வைத்தாலும் ஐஸ்பெட்டியில் வைத்தாலும் ஒரு கிலோ ஒரு கிலோதான்.

இது செக்கடிச் சமாச்சாரமாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதமாட்டேன். 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பாக்கெட்டில் ‘ஒரு லிட்டர்’ என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வெப்பநிலையையும் போடும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. சிலர் 60 டிகிரி வரை போனார்கள். அறிவுறுத்தலில் சோயா எண்ணெயை எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார்கள்: 21 டிகிரியில் ஒரு லிட்டர் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். அதாவது 892.6 கிராம் எண்ணெயை அடைத்துவிட்டு ‘60 டிகிரியில் ஒரு லிட்டர்’ என்று அச்சடித்தால், அச்சில் உள்ளது பொய்யில்லை. ஆனால் நம் வீட்டு அலமாரியில் 60 டிகிரி எப்போது இருந்தது? 30 டிகிரியில் அந்த எண்ணெய் 978 மில்லிதான் இருக்கும். 22 மில்லி போயிற்று. தனியொரு பாக்கெட்டில் 15 மில்லி வரை கூடக் குறைய இருப்பதைப் பொட்டலப் பொருள் விதிகள் பொறுத்துக்கொள்கின்றன. இது அந்தப் பொறுமையையும் தாண்டிய குறைச்சல், அதுவும் தற்செயலாக நேர்ந்ததல்ல. வெப்பநிலையைப் போடாதீர்கள், லிட்டரோடு கிராமையும் போடுங்கள் என்று சொல்லி, அச்சை மாற்றிக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை தவணை கொடுத்தார்கள். லிட்டரில் விற்றால் ஈடான எடையையும் சொல்ல வேண்டும் என்று விதி முன்பே இருந்தது. பொடி எழுத்து வெப்பநிலை அந்த விதிக்குக் கண்டுபிடித்த சந்து. இப்போது பாக்கெட்டில் ‘1 லி (910 கி)’ என்று பார்க்கிறோமே, அதன் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “மார்கழியில வாங்க கண்ணு, எங்ககிட்டயும் சண்டைக்கு வருவாங்க.” கோடையில் விளிம்புவரை நிரப்பிக் கொடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டில், மார்கழிக் காலையில் கழுத்துக்குக் கீழே இறங்கி வெண்ணெயாக உறைந்து நிற்குமாம். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். உறையும்போது இன்னும் சுருங்கும். அளவு குறைவு என்று பாட்டிலோடு வருகிறவர்களுக்கு அவர் பேசிப் புரியவைக்க முயல்வதில்லை. தராசில் வைத்துக் காட்டுகிறார். தேங்காய் எண்ணெயை அவர்கள் கிலோவில் மட்டுமே விற்கத் தொடங்கியது அதனால்தான்.

எடையும் அப்படியொன்றும் அப்பழுக்கற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டிய சூட்டில் எண்ணெயை எடைபோட்டு வாங்கினால் அதில் மிதக்கும் மண்டியும் எடையில் சேரும். வீட்டில் நாலு நாள் வெயிலில் வைத்தால் அடியில் விரற்கடை மண்டி தங்கும்; கிலோ விலைக்கு வாங்கிய மண்டி. தெளிந்த எண்ணெய் என்றால் கிலோவை நம்பலாம், கலங்கல் என்றால் எதையும் நம்பாமல் இரண்டு நாள் கழித்து வருவது நல்லது. லிட்டரில் வேறொரு சிறு இழப்பு: அளவையைக் கவிழ்த்த உடனே நிமிர்த்திவிட்டால் உள்சுவரில் ஒட்டியது அடுத்தவர் பங்கு. இந்தக் கடையில் அளவையைப் புனல்மேல் கவிழ்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியும்போது சொட்டும் முடிந்திருந்தது.

கிளம்பும்போது பெரியவர் ஒரு மனக்கணக்கு சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. லிட்டரைக் கிலோவாக்க, பத்தில் ஒன்றைக் கழி. கழித்ததில் பத்தில் ஒன்றைத் திரும்பக் கொடு. 15 லிட்டர் என்றால் ஒன்றரையைக் கழித்துப் பதின்மூன்றரை, அதில் 150 கிராமைத் திரும்பச் சேர்த்தால் 13.65 கிலோ. கிலோவை லிட்டராக்க, பத்தில் ஒன்றைக் கூட்டினால் தீர்ந்தது: 15 கிலோ பதினாறரை லிட்டர். காகிதத்தில் வகுத்தால் 16.48 வரும். 20 மில்லிக்காக யாரும் காகிதம் தேடவேண்டாம். விலைக்கும் இதே வித்தை. கிலோ விலையில் பத்தில் ஒன்றைக் கழித்து, கழித்ததில் பத்தில் ஒன்றைச் சேர்த்தால் லிட்டர் விலை. பக்கத்துக் கடையில் லிட்டர் 285, எதிர்க்கடையில் கிலோ 300 என்றால்? 300-இல் 30 போக 270, அதோடு 3 சேர்த்து 273. எதிர்க்கடைதான் மலிவு. 285 சிறிய எண்ணாக இருப்பதுதான் கண்ணைக் கட்டுகிறது.

அங்கிருந்து காங்கேயம் கடைவீதிக்கு வந்தேன். மொத்தக்கடையில் லிட்டர் என்ற பேச்சே இல்லை. எல்லாம் டின், டின் என்றால் 15 கிலோ. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் வாரம்தோறும் வருகிறதே, அதிலும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எல்லாம் 15 கிலோ டின்னுக்குத்தான். இன்னும் மேலே போனாலும் எடைதான். மலேசியாவின் பங்குச்சந்தையில் பாமாயில் முன்பேர வணிகம் ஓர் ஒப்பந்தத்துக்கு 25 டன் என்று நடக்கிறது. இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் டாங்கர் லாரி எடைமேடையில் ஏறி, எண்ணெயோடு ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை நின்றுதான் கணக்கு முடிகிறது. கப்பலில் டன், லாரியில் டன், டின்னில் கிலோ. கடைசியாக நம் கைக்கு வரும் பாக்கெட்டில் மட்டும் லிட்டர். விவரம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் எடையில் பேசிக்கொள்கிறார்கள், நமக்கு மட்டும் லிட்டரில் ஊற்றுகிறார்கள் என்பது என் குறை. ரேஷன் பாமாயிலும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாக்கெட்தான்.

முன்பும் வியாபாரிகளின் வாயில் எடைதான் இருந்தது. மணங்கு, வீசை, பலம் என்று. சென்னை மாகாணக் கணக்கில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. மணங்கு இன்றைய எடையில் பதினொன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். வீட்டிலோ ஆழாக்கும் உழக்கும். 1956-இல் எடையளவுத் தரச் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் கட்டம் கட்டமாக அந்த இடத்தைப் பிடித்தன. பெயர்கள்தாம் மாறின. வியாபாரிக்கு எடை, வீட்டுக்குக் கொள்ளளவு என்ற பிரிவினை அப்படியே நிற்கிறது.

“லிட்டரும் கிலோவும் ஒண்ணுதானே” என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1901 முதல் 1964 வரை லிட்டருக்கு உலக அளவில் இருந்த இலக்கணமே, ஒரு கிலோ தண்ணீர் அடைக்கும் இடம் என்பதுதான். தண்ணீருக்குப் பிறந்த கணக்கு. தண்ணீரில் மிதக்கிற பொருளுக்கு அது பொருந்தாது என்பதைத் தாளிப்புக் கரண்டியைக் கழுவுகிற எவரும் தினமும் பார்க்கிறார்கள்.

மொத்தக்கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டினார். அங்கேயும் டின்கள். உயரமும் அகலமும் முன்னதைப் போலவே இருந்தன. உற்றுப் பார்த்தால் 15 கிலோ அல்ல, 15 லிட்டர். “ரெண்டும் டின்தானுங்க மேடம். கேட்டு வாங்கறவங்களுக்குச் சொல்லுவோம்.” கேட்காதவர்களுக்கு? சிரித்தார். ஒரு டின்னுக்கு ஒரு கிலோ 350 கிராம் வித்தியாசம். கணக்குக்காக 15 கிலோ டின் 2400 ரூபாய், 15 லிட்டர் டின் 2250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். கிலோவுக்கு வகுத்தால் முன்னது 160, பின்னது ஏறக்குறைய 165. மலிவாகத் தெரிகிறதுதான் விலை கூடியது. டின்னைத் தூக்கித் தராசில் வைக்கிறவர்களுக்கு இன்னொன்று: வெறும் டின்னே ஏறக்குறைய ஒரு கிலோ. 15 லிட்டர் டின்னைத் தராசில் வைத்தால் பதினான்கரைக்கு மேல் காட்டும். பதினைந்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று மனம் சமாதானமாகிவிடும்.

சில்லறைக் கடையின் அலமாரியில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு லிட்டர், ஒரு கிலோ, 850 மில்லி, 800 கிராம், 750 கிராம் எல்லாம் ஒரே உயரத்தில் தோளோடு தோள் நிற்கின்றன. எண்ணெய்க்கு இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்றிருந்த பட்டியலை 2022-இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றில் மில்லி விலை, இன்னொன்றில் கிராம் விலை என்றால் வாங்குகிறவர் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வருகிறார். இரண்டு பாக்கெட்டிலும் கிராமை மட்டும் பார்த்து, விலையை அதனால் வகுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நேர்வழி. செல்போனில் அரை நிமிட வேலை.

கிராமைப் பார்க்கப் பழகினால் உடம்புக்கும் ஒரு லாபம் உண்டு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி உணவுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று சொல்கிறது. அடுப்படியில் நம்மிடம் இருப்பது கரண்டி. 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டியில் 13.65 கிராம் எண்ணெய். ஆக, ஆளுக்கு நாளைக்கு இரண்டு கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதத்துக்கு மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. என் வீட்டுக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை.

அலமாரி முன்னால் நின்றிருந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, எடை போட்டுப் பார்த்தே கலப்படத்தைக் கண்டுபிடித்துவிடலாமே என்றார். முடியாது. கடலை எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் லிட்டருக்குச் சில கிராம்தான் வித்தியாசம். காலை எண்ணெய்க்கும் மதிய எண்ணெய்க்கும் உள்ள சூட்டு வித்தியாசமே அதை விழுங்கிவிடும். ஆய்வுக்கூடங்கள் ஒளிவிலகலையும் அயோடின் மதிப்பையும் பார்ப்பது இதனால்தான். தராசு அளவை மட்டும் சொல்லும், என்ன எண்ணெய் என்று சொல்லாது.

மாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குப் போனேன். மறுநாள் முகூர்த்தம். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து மளிகை லிஸ்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ‘கடலை எண்ணெய் – 4 டின்’ என்று எழுதியிருந்தது. எந்த டின் என்று கேட்டேன். “டின்னுன்னா டின்னுதானுங்க.” 15 கிலோ டின் என்றால் 60 கிலோ, 15 லிட்டர் டின் என்றால் 54 கிலோ 600 கிராம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “அஞ்சு கிலோவுக்கு மேல அடிபடுதுங்களே. அது ஒரு வேளை வடைக்கு வந்துரும்.” போன விசேஷத்தில் எண்ணெய் குறைந்து, பையன்களைச் சந்தேகப்பட்டுத் திட்டியதாகச் சொன்னார். டின் எங்கே வாங்கியது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பக்கத்து அடுப்பில் அப்பளத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. லிட்டரின் குணம் இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வாணலியின் உட்சுவரில் முன்பு எண்ணெய் நின்ற இடத்தில் ஒரு கறுத்த வளையம் இருந்தது. உதவியாளர் குளிர்ந்த எண்ணெயை அந்த வளையத்துக்கு விரற்கடைக்கும் கீழே நிறுத்தியிருந்தார். தீ எரிய எரிய, யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே எண்ணெய் மேலே ஏறி வளையத்தைத் தொட்டது. 30 டிகிரியில் ஐந்து லிட்டராக ஊற்றியது 180 டிகிரிக்குப் போகும்போது ஐந்தரை லிட்டரையும் தாண்டிவிடும். எடை அதே நாலரைக் கிலோ சொச்சம்தான். லிட்டருக்கு 910 கிராம் இருந்தது அப்போது 810-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதன் மேல் ஈரத்தோடு வடையைப் போட்டால் நுரை வேறு. எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிப்பது பெரும்பாலும் விளிம்புவரை ஊற்றிக் காயவைப்பவர்களிடம்தான். மாஸ்டரிடம் இந்த எண்களைச் சொன்னேன்.

“அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. காஞ்சா ஏறும், அது தெரியும். நாலு வெரக்கடை விட்டுத்தான் ஊத்தணும்” என்றவர், டின்னைச் சாய்க்கப் போன பையனைப் பார்த்து, “டேய், போதும்டா, வெய்யி கீழ” என்றார்.

பிறகு லிஸ்ட்டை எடுத்து ‘4 டின்’ என்பதை அடித்துவிட்டு ‘60 கிலோ’ என்று எழுதினார். அடுத்த வரியில் நெய்.

“நெய்யும் இப்படித்தானுங்களா மேடம்?”

நெய்க்கும் ஏறக்குறைய அதே 91 என்று சொல்லி, விலை கேட்டேன். லிட்டர் 640, கிலோ 690 என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். லிட்டரே எழுதலாம் என்றிருந்தாராம், 50 ரூபாய் குறைகிறதே என்று. பெரியவரின் கணக்கை அவரையே போடச் சொன்னேன். விரலை மடக்கி, 690-இல் 69 போக 621 என்றார். அதோடு ஏழு ரூபாயைச் சேர்த்து 628 என்றார். அப்புறம் 640-ஐப் பார்த்தார்.

“கிலோவே எழுதிக்கறேன்” என்றார். எழுதிவிட்டு, “பாலுக்கு எப்படிங்க?” என்று கேட்டார். அது தண்ணீரைவிடக் கனம், அங்கே கணக்கு திரும்பிக்கொள்ளும் என்று நான் தொடங்குவதற்குள் அப்பளம் கருகுகிற வாசம் வந்துவிட்டது. எழுந்து ஓடினார்.